வடிவாம்பாள் சாகாத வெள்ளிக்கிழமை

வடிவாம்பாள் செத்துப்போன நேரம் சரியில்லை என்பதில் அஞ்சேலீஸ்வரர் கோயில் நிர்வாகத்தில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முந்தின நாளே செத்திருக்கலாம். இரண்டு நாள் பொறுத்துச் செத்திருக்கலாம். மேலிடம் தரிசனத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, அதுவும் கோபுர வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் செத்துவைத்தது பொறுப்பில்லாத காரியம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. விடிந்தும் விடியாததுமாக அடுப்பில் பாலை வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கலியாணசுந்தரம் தறியை விட்டு எழுந்து போய்ப் பார்த்தார். தெருமுனை டாக்டர் கட்டிய லுங்கியோடு ஓடிவந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "அம்மா பூட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கலியாணசுந்தரத்தின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

கலியாணசுந்தரம் பட்டு நெய்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து பேசுகிற வேலை முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார். ரேஷன் கடையில் எடை குறைந்தால் அவள்தான் பேசுவாள். கரண்ட் ஆபீசில், கூட்டுறவுச் சங்கத்தில், மகள் கல்லூரியில் எல்லா இடத்திலும் அவள்தான். "எங்கூட்டுக்காரர் வாய தொறக்கமாட்டாரு, ஆனா நான் தொறப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் எந்த ஆபீசிலும் உட்காருவாள். இப்போது அந்த வாய் மூடிக்கிடந்தது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கலியாணசுந்தரம், பழக்கதோஷத்தில் அவளையே கேட்கப் போனார். பாதியில்தான் நினைவு வந்தது.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியும். கோயிலுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

சன்னதித் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணம் தெருவைத் தாண்டும்வரை கோயில் நடை திறக்காது. பூஜை இல்லை, நைவேத்தியம் இல்லை, மணி இல்லை. அதனால் இந்தத் தெருவில் யாரும் நிதானமாகச் செத்ததில்லை. மூச்சு நின்ற கொஞ்ச நேரத்திலேயே கோயில் மணியக்காரர் வாசலில் வந்து நிற்பார். "சாமி பட்டினியா இருக்குதுபா, ஆச்சா?" என்பார். உள்ளே போய்விட்டு வந்து மறுபடியும், "ஆச்சா?" கலியாணசுந்தரத்தின் அப்பா செத்தபோது அண்ணன் அந்த நாளில் வேலைபார்த்த சூரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது பார்க்க சாம்பல்தான் இருந்தது. சாமி பட்டினி என்றால் யார் என்ன பேசுவது? அண்ணனும் பேசவில்லை.

எனவே மணியக்காரர் சபாபதி வந்து "ஆச்சா" என்பார் என்று கலியாணசுந்தரம் எதிர்பார்த்துக் காத்திருந்தார். சபாபதி வந்தார். ஆனால் தனியாக வரவில்லை. கோயில் நிர்வாக அதிகாரி வேலாயுதமே கூட வந்தார். ஜீப்பில் அல்லாமல் அவர் இந்தத் தெருவில் நடந்து வந்ததை அன்றைக்குத்தான் தெரு பார்த்தது. உள்ளே வந்தவர் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்.

"விஷயம் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"டாக்டருக்கு. பக்கத்து வூட்டுக்கு. செவிலிமேட்டுல பொண்ணு இருக்குது, அதுக்கு போன் பண்ணேன். வடிவோட தங்கச்சிக்கு..."

"போதும். இதோட நிறுத்திக்குங்க." வேலாயுதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெரியவரே, உங்க துக்கத்துல நிர்வாகம் முழு மனசோட பங்கெடுத்துக்குது. ஆனா பங்கெடுத்துக்கிறதை வெளியில சொல்ல முடியாத நிலைமையில நிர்வாகம் இருக்குது. இன்னைக்கு மேலிடம் வருது."

"மேலிடம்னா யாரு சார்?"

வேலாயுதம் சற்று யோசித்தார். "அதை நாம கேக்க முடியாதுங்க. மேலிடம் வருதுன்னு மேலிடத்துலேர்ந்து சொன்னாங்க."

மேலிடம் வரும்போது நடை சாத்தியிருக்கக் கூடாது. நடை சாத்தாமல் இருக்க வேண்டுமென்றால் தெருவில் சாவு இருக்கக் கூடாது. இதை வேலாயுதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போல விளக்கினார்.

"உங்க மனைவி இறக்கலைன்னு நாங்க சொல்லலை. அப்படிப் பொய் சொல்றது கோயிலுக்கு அழகில்லை. இறந்துட்டாங்கங்கிறது கோயிலுக்கு இன்னும் தெரியாது. அவ்வளவுதான். இப்ப நான் இங்க வேலாயுதமா வந்திருக்கேன். வேலாயுதத்துக்குத் தெரியும். நிர்வாக அதிகாரிக்குத் தெரியாது."

கலியாணசுந்தரம் சபாபதியைப் பார்த்தார். "மணியக்காரரே, உங்களுக்கு?"

"சார் சொன்னாத்தான்பா எனக்கு எதுவும் தெரியும்" என்றார் சபாபதி. அதில் பொய் இல்லை. அவர் உத்தியோக வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் நடந்திருந்தது.

"சாமிக்குத் தீட்டு ஆச்சே?"

"அதையும் கேட்டாச்சு. தீட்டுங்கிறது காதுல விழுந்த நேரத்துலேர்ந்துதான். குருக்கள் காதுல இன்னும் விழலை. விழாம பார்த்துக்கிறது அவர் பொறுப்பு." குருக்கள் அந்தப் பொறுப்பை நன்றாகவே நிறைவேற்றிக்கொண்டிருந்தார். கருவறையை விட்டு வெளியே வராமல், யாராவது பக்கத்தில் வந்து வாயைத் திறந்தால் உடனே மணியை ஆட்டினார்.

மேலிடம் மத்தியானம் திரும்பிவிடும், அதுவரை பொறுத்தால் போதும் என்றார் வேலாயுதம். பந்தல் கூடாது, நாற்காலி கூடாது, பறை கூடாது, வாசலில் நெருப்பு மூட்டக் கூடாது, யாரும் தலையை விரித்துப் போடக் கூடாது. முக்கியமாக, அழக் கூடாது.

"அழாம எப்படி சார்?"

"மனசுக்குள்ள அழுங்க. யாரு தடுக்கிறா?"

வடிவாம்பாள் இருந்திருந்தால் இந்த இடத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியையே உருவியிருப்பாள். கலியாணசுந்தரத்துக்கு அதெல்லாம் வராது. தலையை ஆட்டினார்.

மகள் இளவரசி செவிலிமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வந்தாள். தெருமுனையில் கம்பு கட்டித் தடுத்திருந்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்ட போலீஸ்காரரிடம், "எங்கம்மா செத்துட்டாங்க சார், உடுங்க" என்றாள்.

போலீஸ்காரர் போனை எடுத்து விசாரித்தார். "இந்தத் தெருவுல யாரும் சாகலையேமா."

"எங்கம்மா சார்!"

"கோயில் ஆபீசுல கேட்டுட்டேன்மா. இன்னைக்கு சாவு எதுவும் கிடையாதுன்னு சொல்றாங்க. வேற தெருவா இருக்கும், நல்லா பாரு."

சபாபதிதான் ஓடிவந்து அவளை அழைத்துப்போனார். வழியெல்லாம் காதோடு காதாக, "மொகத்த தொடச்சிக்கோ கண்ணு. சிரிச்சா மாதிரி வா. ரெண்டு பக்கமும் கேமரா வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெற்ற தாயின் சாவு வீட்டுக்குச் சிரித்தபடி நடந்து வந்தாள் இளவரசி. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி வைக்க வேண்டும் என்றாள் இளவரசி. ஓரிக்கைப் பக்கம் ஜான்சன் என்பவர் குளிர்பெட்டியும் அமரர் ஊர்தியும் வைத்திருந்தார். போன் செய்தார்கள். அவர் வண்டியோடு வந்து தெருமுனையில் நின்றார். வண்டியில் இரண்டு பக்கமும் 'அமரர் ஊர்தி' என்று ஆளுயர எழுத்து. சபாபதி பதறிப்போய் அந்த எழுத்தின்மேல் ஒரு பட்டு ஜவுளிக் கடை பேனரைக் கட்டவைத்தார். பெட்டியை அப்படியே தூக்கிவர முடியாது. எங்கிருந்தோ ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்து அதற்குள் இதை நுழைத்தார்கள்.

"ஃபிரிட்ஜ் இன்னாபா இவ்ளோ நீட்டா இருக்குது?" என்றார் போலீஸ்காரர்.

"டபுள் டோருங்க. படுக்கவெச்சி தூக்கிக்கினு போறோம்" என்றார் ஜான்சன்.

உள்ளே வந்து, பின்கட்டு அறையில் வடிவாம்பாளைக் கிடத்தி, மின்சாரத்தைப் போட்டுவிட்டு ஜான்சன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எத்தனியோ சாவுக்கு பொட்டி உட்டுக்கினு இருக்கேண்ணா. குடிச்சிட்டு சண்ட போடுவாங்க, சொத்துக்கு அடிச்சிக்குவாங்க, எல்லாம் பாத்துட்டேன். செத்தவங்கள உசுரோட வெச்சிருக்கிற சாவு இதான் மொத தடவ." கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். "சாயந்திரம் கூப்புடுண்ணா. நான் இங்கியேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்து கோலக் கோஷ்டி வந்தது. மேலிடம் வருவதை முன்னிட்டுத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கோலமும் மாவிலைத் தோரணமும் இருந்தாக வேண்டும் என்று உத்தரவு. கலியாணசுந்தரம் வாசலை மறித்து நின்றார். "சாவு வூட்ல கோலம் போடமாட்டாங்கம்மா."

"இது சாவு வீடுன்னு யார் சொன்னது?" என்று பின்னாலிருந்து வேலாயுதம் கேட்டார்.

கோலம் போடாத ஒரே வீடு என்று கண்ணை உறுத்தக் கூடாது என்பதற்காக அவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டார்கள். தாமரை, அன்னம், தோகை விரித்த மயில், நடுவில் வருக வருக என்று எழுத்து. கலர் பொடி போதாமல் இன்னொரு மூட்டை வந்தது. முடித்தபோது சன்னதித் தெருவிலேயே மங்களகரமான வீடு அதுதான்.

வடிவாம்பாளின் தங்கை இந்திராணி ஆரணியிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளைப் பின்சந்து வழியாக அழைத்து வந்தார்கள். எது நடந்தாலும் இந்திராணியை அழவிடக் கூடாது என்று சபாபதி இளவரசியிடம் கெஞ்சிக் கேட்டிருந்தார். ஏனென்றால் இந்திராணி ஒப்பாரி வைத்தால் ஆரணியில் மூன்று தெரு கூடிவிடும். ஆனால் கண்ணாடிக்குள் அக்காவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு, "யக்கா! என்ன வுட்டுட்டு பூட்டியேக்கா!" என்று எடுத்த குரலில் கூரை ஓடு அதிர்ந்தது.

சபாபதி வாசலுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை அந்த வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கி, நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டுவிட்டார்கள். சபாபதி உள்ளே வந்து பெருந்தன்மையாக, "இப்ப அழுவலாம்மா. நிர்வாகம் அனுமதி குடுத்துட்டுது. ஆனா மேளம் நின்னா நீங்களும் நின்னுடணும்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. தவில் உருண்டால் அழுதார்கள். ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். இந்திராணி ஒருமுறை கல்யாணி ராகத்தில் மாட்டிக்கொண்டு அக்காளின் கல்யாணத்தைப் பற்றியே பாடி அழுதாள். நல்ல இடத்தில் ரெக்கார்டு நின்றுவிட்டது. பாதி வரியை விழுங்கிக்கொண்டு அவள் விக்கினாள். கலியாணசுந்தரத்துக்கு மேளத்தோடு சேர்ந்து அழ வரவில்லை. மேளம் நின்றபோதுதான் வந்தது. அப்போது அனுமதி இல்லை.

மேலிடம் வந்தது. நீளமாகக் கார்கள் வந்தன. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் இறங்கினார். பூரண கும்பம், பரிவட்டம், மாலை. சாமி கும்பிட்டு முடித்து அவர் திரும்பி வரும்போது, கூட வந்த அவர் மனைவி நின்றுவிட்டார். கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசல் மயிலைப் பார்த்துத்தான் நின்றார். அவர் பேசுவது கேட்க வேண்டுமென்று யாரோ மேளத்தை நிறுத்தினார்கள்.

"ஹவ் பியூட்டிஃபுல்! இது வீவர்ஸ் வீடா? எனக்குத் தறி பார்க்கணும்."

வேலாயுதம், வெயில் என்றார். இன்னும் நல்ல தறி அடுத்த தெருவில் இருக்கிறது என்றார். அம்மையார் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். சபாபதி பின்வழியாகப் பாய்ந்து உள்ளே வந்தார். பின்கட்டு அறைக் கதவை இழுத்துச் சாத்தி இந்திராணியையும் இளவரசியையும் அதற்குள்ளேயே வைத்தார். கலியாணசுந்தரத்தின் தோளைப் பிடித்துத் தறிக்குழியில் உட்காரவைத்தார்.

"நெய்ங்கபா. சும்மா நாலு இழ ஓட்டுங்க."

"வடிவு அங்க படுத்துக்கினு இருக்கா. நான் எப்படி..."

"கால்ல வுழறேன்பா. என் வேல பூடும்."

சபாபதி நிஜமாகவே குனிந்தார். அதற்குள் அம்மையார் உள்ளே வந்துவிட்டார். கலியாணசுந்தரம் மிதியை மிதித்தார். இழை ஓட்டும் நாடாவை எறிந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த சேலை, நேற்று மாலை வடிவாம்பாள்தான் அறுந்த இழைகளை முடிந்து கொடுத்திருந்தாள். மனைவி செத்த நாளில் தறியில் உட்கார்ந்த முதல் ஆள் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இழை எங்கே போகிறதென்று தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அச்சோ, ஏன் அழறார்?"

"உங்களைப் பார்த்த சந்தோஷம் மேடம்" என்றார் வேலாயுதம். "ஆனந்தக் கண்ணீர். எளிமையான ஜனங்க."

"ஸோ ஸ்வீட்." அம்மையார் காதைத் தீட்டிக்கொண்டார். "அது என்ன சத்தம், உள்ளே உர்ருன்னு?"

"ஃபிரிட்ஜ் மேடம். அரசோட திட்டங்களால நெசவாளர் வீட்டுலயெல்லாம் இப்ப டபுள் டோர் ஃபிரிட்ஜ்."

அம்மையார் அதைக் கேட்டு மகிழ்ந்தார். பிறகு கலியாணசுந்தரத்திடம் குனிந்து, "உங்க மிஸஸ் எங்கே? அவங்களும் நெய்வாங்களா?" என்று கேட்டார்.

கலியாணசுந்தரம் நாடாவைக் கீழே வைத்தார்.

"உள்ள இருக்காங்கம்மா. இன்னைக்கு நெய்யமாட்டாங்க."

"ரெஸ்ட் எடுக்கட்டும், பாவம்." அம்மையார் தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றினார். கருவறையில் சாமிக்குச் சாத்தி எடுத்துக் குருக்கள் தந்த சம்பங்கி மாலை. அதை அவர் கையில் கொடுத்தார். "நான் கொடுத்தேன்னு சொல்லி அவங்க கழுத்துல போடுங்க. இப்பவே."

சாமி மாலை பிணத்தின் கழுத்தில் விழுந்தால் என்ன பரிகாரம் என்று வேலாயுதம் எந்த உத்தரவிலும் படித்ததில்லை. "அப்புறமா போட்டுக்கட்டும் மேடம்" என்று இழுத்தார். அதற்குள் கலியாணசுந்தரம் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். பெட்டியின் மூடியைத் திறந்து, குளிர்ந்த கழுத்தைத் தூக்கி மாலையைப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளுக்கு மாலை போட்டது அப்போதுதான். இளவரசி சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கார்கள் திரும்பிப் போன புழுதி அடங்கியதும் வேலாயுதம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஜீப்பில் வந்தார், நிர்வாக அதிகாரியாக. வாசலில் நின்று, "அடடா! எப்ப ஆச்சு?" என்றார்.

கலியாணசுந்தரம் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"இப்பத்தான் கேள்விப்பட்டேன். ஆழ்ந்த அனுதாபங்கள்." வேலாயுதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப எடுக்கறீங்க? விஷயம் கோயிலுக்குத் தெரிஞ்சிடுச்சு. நடையைச் சாத்திட்டோம். சாயந்திரம் ஊஞ்சல் சேவைக்கு மேலிடம் மறுபடியும் வர்றதா இப்ப தகவல் வந்திருக்குது. அதுக்குள்ள தீட்டு கழிக்க சாந்தி பண்ணி நடை திறக்கணும். பின்சந்து வழியா எடுத்துடுங்க. கோபுர வாசல் வழியா பொணம் போகக் கூடாது. பூ அலங்காரமெல்லாம் இருக்குது."

"மத்தவங்க ஒருத்தருக்கும் இன்னும் சொல்லலை சார். நீங்கதான் சொல்லாதன்னீங்க. இனிமே சொல்லி, பெங்களூர்லேர்ந்து வடிவோட தம்பி வரணும். எங்கண்ணன் வரணும். காலைலதான் எடுப்போம்."

"காலையிலயா? பெரியவரே, விடிஞ்சதுலேர்ந்து வெச்சிருக்கீங்க!"

"இன்னா சார் விடிஞ்சதுலேர்ந்து?" என்றார் கலியாணசுந்தரம். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "நீங்க இப்பத்தான கேள்விப்பட்டீங்க. மத்தியானம்கூட அந்தம்மா குடுத்த மாலைய வாங்கி போட்டுக்கினா. செத்து அஞ்சு நிமிஷம்கூட ஆவல. அதுக்குள்ள எடுன்னா எப்படி?"

இளவரசி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஆபீஸ்களில் அம்மா பேசும்போது வருகிற அதே வேகம்.

"விளையாடாதீங்க. சாமி பட்டினியா இருக்குது."

"சாமி காதுல இன்னும் வுழலன்னு சொல்லிடுங்க சார். காலைல சொன்னீங்களே, அதே மாதிரி."

வேலாயுதம் போலீஸ் என்றார், நோட்டீஸ் என்றார், கோயில் இடத்தில் இருக்கிற வீடு என்றார். கலியாணசுந்தரம் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வாசலில் கோலத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மயில் கலைந்து சாக்கடைக்குப் போனது. எதிர்வீட்டு அம்மாள் ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டாள். தெருவில் ஒவ்வொரு வீடாகப் பெஞ்சும் நாற்காலியும் வந்தன. இந்திராணி காலை நீட்டி உட்கார்ந்து, எந்த மேளமும் இல்லாமல் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

கோயில் ஆபீசில் அவசரக் கூட்டம் நடந்தது. என்ன பேசினார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. முடிவு மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அதை மைக்கில் சொன்னார்கள். சாயந்திரம் கோபுரத்து ஒலிபெருக்கியில் வேலாயுதத்தின் கனத்த குரல் கேட்டது.

"பக்தகோடிகளுக்குப் பணிவான அறிவிப்பு. நமது சன்னதித் தெருவில் இன்று பிற்பகல் ஏற்பட்ட துக்கம், நிர்வாகம் எடுத்த துரித நடவடிக்கையின் காரணமாகச் சிறப்பான முறையில் நிறைவுபெற்றது. அன்னாரின் பூதவுடல் தெருவைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டுத் தகனம் செய்யப்பட்டுவிட்டது. தீட்டு நீங்கியது. சற்று நேரத்தில் நடை திறக்கப்படும். ஒத்துழைப்பு நல்கிய குடும்பத்தாருக்கு நன்றி."

ஒத்துழைப்பு நல்கிய குடும்பத்தார் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வடிவாம்பாள் கழுத்தில் மாலையோடு கிடந்தாள். இந்திராணி ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "இன்னாடி சொல்றான் இவன்?" என்றாள்.

நடை திறந்தது. மேலிடத்தின் கார்கள் இந்தத் தடவை கோயிலின் மறுபக்க வாசலில் வந்து நின்றன. மணி அடித்தது. தீபாராதனை வெளிச்சம் தெருவரை வந்தது. வானம் இடிந்து விழவில்லை. அஞ்சேலீஸ்வரர் எழுந்து ஓடவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அவளுக்கு எண்பதை ஒட்டிய வயது. "அடப்பாவிங்களா" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "அடப்பாவிங்களா! எம்புள்ள மொகத்துல மஞ்சத்தண்ணி ஊத்தக்கூட உடாம தொரத்தினீங்களேடா! சாமி பட்டினி, சாமி பட்டினின்னு தொரத்தினீங்களேடா! இப்ப மட்டும் தொறக்குதா?" தெரு முழுக்க அவரவர் வீட்டுச் சாவு அவரவர் தொண்டைக்கு வந்தது. யாருடைய அப்பாவோ வெயிலில் ஓட்டமாகத் தூக்கிச் செல்லப்பட்டிருந்தார். யாருடைய மகளுக்கோ முகம் பார்க்க வரமுடியாமல் போயிருந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கலியாணசுந்தரம் அண்ணனுக்குப் போன் போட்டார். "நிதானமா வாண்ணா" என்றார். "ஒண்ணும் அவசரமில்ல. வந்து பாத்துட்டு எடுக்கலாம்." அதைச் சொல்லி முடித்ததும்தான், காலையிலிருந்து நெஞ்சில் கட்டிக்கிடந்தது அவிழ்ந்து, மணிச் சத்தத்துக்கு மேலே வாய்விட்டு அழுதார்.

காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜான்சன் பேனரை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வண்டி முழுக்கச் சாமந்தி கட்டியிருந்தார். மகன் இல்லாத வீடு. கலியாணசுந்தரமே கொள்ளிச்சட்டியை ஏந்தினார். இளவரசி பக்கத்தில் நடந்தாள். பறை முழங்கியது. வண்டி பின்சந்துப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கோபுர வாசலை நோக்கி வந்தது.

வேலாயுதமும் சபாபதியும் இரண்டு காவலாளிகளும் குறுக்கே நின்றார்கள்.

"நிறுத்துங்க! இந்த வழியா பொணம் போகக் கூடாது!"

பறை நின்றது. கலியாணசுந்தரம் சட்டியை இறக்காமலே கேட்டார். "எந்தப் பொணம் சார்?"

"என்ன கேள்வி இது? உங்க வீட்டுப் பொணந்தான்!"

"அதை நேத்து சாயந்திரமே எரிச்சாச்சேன்னு மைக்குல சொன்னீங்களே சார். ஊரே கேட்டுது. அந்தம்மாகூட ஊஞ்சல்ல சாமிய பாத்துட்டு போனாங்க. இல்லன்னு சொல்லுங்க, இப்பவே வண்டிய திருப்பறேன்."

தெரு முழுதும் வேலாயுதத்தின் வாயைப் பார்த்தது. இல்லை என்று சொன்னால், பிணத்தைத் தெருவில் வைத்துக்கொண்டு நடை திறந்ததை, மேலிடத்தைத் தீட்டோடு உள்ளே விட்டதை, நாலு பேர் போனில் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆமாம் என்று சொன்னால் வழிவிட வேண்டும். அவருடைய நீண்ட அனுபவத்தில் எல்லாக் கேள்விக்கும் மூன்றாவதாக ஒரு பதில் இருந்திருக்கிறது. அன்றைக்கு அது கிடைக்கவில்லை.

"அப்ப..." என்று வண்டியைக் காட்டினார். "அப்ப இது என்ன?"

கலியாணசுந்தரம் திரும்பி, பூவுக்கு நடுவே தெரிந்த அந்த முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"இது எம்பொண்டாட்டி சார்" என்றார். "தள்ளி நில்லுங்க."

சபாபதிதான் முதலில் நகர்ந்தார். அவர் நகர்ந்ததைப் பார்த்து காவலாளிகளும் நகர்ந்தார்கள். நடுவில் தனியாக நின்ற வேலாயுதம் ஜீப்பைத் தேடுகிறவரைப்போல ஒரு பக்கமாக விலகினார். பறை மறுபடி முழங்கியது. கோபுர வாசலைத் தாண்ட அவர்கள் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள்.